கிரைண்டர் மேல் விழுந்த பழி

ராஜகுமாரிடம் யாரும் ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா போய்விட முடியாது. "மழையினால டிரெயின் லேட்டு" என்று சொல்லிப் பாருங்கள். "மழையினாலதான்னு எப்பிடித் தெரியும்? யார்ட்டயும் கேட்டியளா, நீங்களா நெனச்சுக்கிட்டியளா?" என்று மடக்குவான். இட்லி கல்லாகிப் போன அன்று அவன் மனைவி ஜான்சி உளுந்தைக் குறை சொன்னால், உளுந்துக்கு வக்கீல் வைத்தது போல எழுந்து வருவான். தாராவி தொண்ணூறடி ரோட்டுச் சந்தில், தோல் பை தைக்கும் பட்டறைக்கு மேலே உள்ள இரண்டு அறை வீட்டில் அவள் இதையும் சகித்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறாள் என்பதே பெரிய விஷயம்.

அவன் தொழில் அப்படி. செம்பூரில் உள்ள ஒரு சின்ன கம்பெனியில் கம்ப்யூட்டர் சப்போர்ட் ஆள். கம்பெனியின் மெஷின்கள் நவி மும்பையில் ஏதோ ஒரு ஏசி அறையில் இருக்கின்றன. அவையும் முழு மெஷின்கள் இல்லை. ஒரு பெரிய மெஷின் தன் வயிற்றுக்குள் பத்து இருபது மெஷின்கள் இருப்பதாகப் பாவனை காட்டிக்கொண்டிருக்கும். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். கணக்கு எழுதுகிறவர்களும் கப்பல் சரக்குக்குச் சுங்கக் காகிதம் போடுகிறவர்களுமாக அறுபது பேர், வீட்டில் உட்கார்ந்தபடி இன்டர்நெட் வழியாக அவற்றைத் திறந்து வேலை பார்க்கிறார்கள். மெஷின் அங்கே, அதன் முகம் மட்டும் இங்கே. அந்த முகம் தெரியாமல் போனால் உடனே ராஜகுமாருக்கு போன் வரும்.

"சார், எங்க வீட்ல ஏசி போட்டதும் கட் ஆயிட்டு", "மாமியார் சீரியல் பாக்கறதாலதான் ஸ்லோவா இருக்கு" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ராஜகுமாருக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு. மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே லுங்கிச் சாரமுமாக உட்கார்ந்துகொண்டு, "நீங்களா யூகிக்காதீங்க. முதல்ல லாக் பாருங்க" என்பான். எத்தனை மணிக்குத் தொடர்பு வந்தது, எப்போது அறுந்தது என்று மெஷினே குறித்து வைத்துக்கொள்வதுதான் லாக். அந்த ஒரு வாக்கியத்தை அவன் சொல்லாத நாளே கிடையாது. ஜான்சிக்கு அது மனப்பாடம்.

ஜான்சியின் தொழில் மாவு. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தது, மெல்ல வளர்ந்து மாட்டுங்காவரைக்கும் போய்விட்டது. அங்கே சங்கரநாராயணன் நடத்தும் மெஸ்ஸுக்கு மாவு கொடுத்துக்கொண்டிருந்தவர் டோம்பிவிலியில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டதால், அந்த ஆர்டர் இவளுக்கு வந்தது. ஒரு மாதம் வெள்ளோட்டம். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மாவு மெஸ்ஸில் இருக்க வேண்டும். அப்போதுதான் ராத்திரி பொங்கி, காலை இட்லிக்கு ஆகும். மாதம் நல்லபடியாகப் போனால் ஆர்டர் நிரந்தரம். இரண்டாவது கிரைண்டர் வாங்கி எங்கே வைப்பது என்றுகூட மூலையை அளந்து பார்த்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் பெயரைச் சொல்லி ஒருவர் தேடி வந்தது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் வீட்டுக்குள் நடக்கும் நடையிலேயே தெரிந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அப்கிரேடு வந்தது.

ஒரு சனிக்கிழமை ராஜகுமார் செம்பூர் ஆபீசில் உட்கார்ந்து எல்லா மெஷின்களிலும் புது வெர்ஷன் ஏற்றினான். எல்லோருடைய லேப்டாப்புக்கும் புது மென்பொருளை அனுப்பினான். ஆபீசிலிருந்தே திறந்து பார்த்தான்; வழுக்கிக்கொண்டு போயிற்று. "அப்கிரேடு வெற்றிகரமாக முடிந்தது" என்று குரூப்பில் போட்டதும், மேனேஜர் திருவேங்கடம் லட்டுப் படம் ஒன்று அனுப்பினார். ராஜகுமார் அந்த லட்டை ஞாயிறு முழுக்க எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வேலை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் திரை அப்படியே உறைந்து நின்றது. மவுசை ஆட்டினால் அம்பு மட்டும் அநாதையாக அலைந்தது. மீண்டும் இணைக்கப்படுகிறது என்று ஒரு வட்டம் சுற்றியது. அந்த நேரம் பார்த்து உள்ளறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓட ஆரம்பித்தால் பல்பு ஒரு தரம் மங்கி எரிவது வழக்கம்தான். ராஜகுமார் பல்பைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்.

"ஏட்டி, கிரைண்டரை நிப்பாட்டு!"

ஜான்சி பதறிப்போய் நிறுத்தினாள். தொடர்பு வந்துவிட்டது. அவள் நிறுத்தாமல் இருந்தாலும் அரை நிமிடத்தில் அது தானாக வந்திருக்கும். ஆனால் நம் ஆளுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. மறுபடி அரைத்தாள், மறுபடி அறுந்தது, நிறுத்தினாள், வந்தது. "பாத்தியா?" என்றான், பெரிய விஞ்ஞானி மாதிரி. மோட்டார் ஓடினால் லைனில் குழப்பம் வரும், ஒய்ஃபைக்கு ஆகாது என்று ஒரு பாடமும் நடத்தினான்.

"போன வாரம்லாம் ஓடுச்சுல்லா? அப்பம் ஒண்ணும் ஆவலியே?" என்று ஜான்சி கேட்டாள்.

நியாயமான கேள்வி. போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்தவன் ராஜகுமார். அதற்கு லட்டு வேறு வந்திருந்தது. அதனால் அந்தப் பக்கம் அவன் மனசு போகவே மறுத்துவிட்டது. "ஒனக்கு அது புரியாது" என்று சொல்லிவிட்டு, இனிமேல் தான் கனெக்‌ஷனில் இருக்கும்போது கிரைண்டர் பந்த், மதியச் சாப்பாட்டு நேரத்திலும் வேலை முடிந்த பிறகும் மட்டும் அரைக்கலாம் என்று சட்டம் போட்டான். உளுந்துக்கு வக்கீலாக வந்தவன் கிரைண்டருக்கு வரவில்லை.

வேலை முடிந்த பிறகு அரைத்தால் மாட்டுங்காவுக்கு எப்படி நாலு மணிக்கு மாவு போகும்? முதல் நாள் தாமதமாகப் போனது. மறுநாளும் தாமதம். மெஸ்ஸில் காலையில் இட்லி தட்டையாக இறங்கியதாம். "இப்படியே போச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்மா" என்று சங்கரநாராயணன் மெதுவாகத்தான் சொன்னார். அவர் கத்தியிருந்தால்கூட ஜான்சிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வீட்டில் வந்து சொன்னாள். ராஜகுமாருக்கும் வருத்தம்தான். ஆனால் அவன் வருத்தம் லேப்டாப் பக்கமே சாய்ந்தது. "ரெண்டு நாள் பொறு. நான் ஆபீஸ்ல பேசுதேன்" என்றான்.

பேசியும் விட்டான். அதுதான் வினையாயிற்று. அறுபது பேரில் முக்கால்வாசிப் பேர் அதற்குள் புகார் கொடுத்திருந்தார்கள். திருவேங்கடம் திணறிக்கொண்டிருந்தார். ராஜகுமார் தன் கண்டுபிடிப்பைச் சொன்னதும் அவர் குரலில் வெளிச்சம் வந்தது.

"அட, ஆமாம்ப்பா! எங்காத்துலயும் நேத்து கிரைண்டர் ஓடிண்டிருந்தது, எனக்கும் டக்குனு கட் ஆயிடுத்து. நான் கவனிக்கவே இல்லை பாரேன்!"

மாட்டுங்காவில் பிறந்து செம்பூருக்குக் குடிவந்த திருவேங்கடம் வேறு ஜாதி மேனேஜராக, அதாவது சப்பாத்தி சாப்பிடுகிற மேனேஜராக இருந்திருந்தால், அங்கேயே ஒரு கேள்வி கேட்டிருப்பார். இரண்டு இட்லிக்காரர்கள் சேர்ந்ததால் கேள்வியே எழவில்லை. அன்று சாயங்காலமே அறுபது பேருக்கும் சுற்றறிக்கை போனது: தொடர்பில் இருக்கும்போது வீட்டில் வெட் கிரைண்டர் போன்ற கனமான மோட்டார்களை இயக்க வேண்டாம்; காரணத்தைக் கண்டறிந்தவர் ராஜகுமார்.

காட்கோபரில் இருக்கும் குஜராத்திக் கணக்கர் ஒருவர் வெட் கிரைண்டர் என்றால் என்ன பொருள் என்று கேட்டு எழுதினார். படம் அனுப்பினார்கள். இந்த மாதிரி ஒன்று எங்கள் கட்டிடத்திலேயே கிடையாதே, ஆனாலும் கட் ஆகிறதே என்றார். பக்கத்துக் கட்டிடத்தில் விசாரியுங்கள் என்று ராஜகுமார் பதில் போட்டான். தாணேயில் ஒரு மராட்டிய அம்மாள் மிக்ஸியைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, மூன்று வேளையும் தயிர்சாதம் போட்டுத் தன் வீட்டுக்காரரை அழ வைத்தாள். கட் ஆவது மட்டும் நிற்கவில்லை.

இப்படியிருக்க, ஒரு நாள் மதியம் ஜான்சி ஒரு முடிவுக்கு வந்தாள். அவன் சாப்பிட்டு எழுவதற்குள் எவ்வளவு அரைக்க முடியுமோ அவ்வளவும் அரைத்தாள். பாதி அளவுதான் தேறியது. மீதி அரிசியும் உளுந்தும் ஊறினபடி கிடந்தன. பாதியாவது நேரத்துக்குப் போகட்டும், மெஸ்காரர் கையைக் காலைப் பிடித்தாவது ஒரு வாரம் தவணை வாங்கலாம் என்று பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அவள் படியிறங்கின கொஞ்ச நேரத்தில் கோவண்டியிலிருந்து ஷமீமா போன் பண்ணினாள். அந்த அறுபது பேரில் ஒருத்தி, சரக்குப் பிரிவில் பில் போடுகிற பெண். சொந்த ஊர் காயல்பட்டினம் பக்கம்.

"அண்ணே, எங்க வீட்ல கிரைண்டர் இல்லண்ணே. பக்கத்துல டெய்லரிங் கார்கானா இருக்கு. நீங்க மோட்டார்னு எழுதியிருந்தீங்கன்னு, அத நடத்துற ஷகீல் பாய்ட்ட சண்ட போட்டு, பத்து மெஷினையும் பந்த் பண்ண வெச்சேன். தண்ணி மோட்டாரு, ஃப்ரிட்ஜு, எல்லாம் பந்த். ஃபேன்கூடப் போடாம வேர்த்து ஊத்திட்டு உக்காந்திருக்கேன். இப்பவும் கட் ஆகுதுண்ணே. ஷகீல் பாய் வாசல்ல நின்னு என்னயப் பாத்து மொறைக்கிறாரு."

"வேற ஏதாவது ஓடுதான்னு..."

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க லாக் பாத்தீங்களா?"

அவள் குத்திக் காட்டவில்லை. அவனிடம் கற்றுக்கொண்டதைத்தான் அப்பாவியாகத் திருப்பிக் கேட்டாள். அவன் பார்க்கவில்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னவன், தன் வீட்டுச் சத்தம் ஒன்று கையில் கிடைத்ததும் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"பாத்துட்டுக் கூப்பிடுதேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டு லாக்கைத் திறந்தான். இத்தனை நாள் மூடியிருந்த கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது. கிரைண்டர் வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்திலும் அவனுடைய தொடர்பு அறுந்திருந்தது. காட்கோபர், தாணே, கோவண்டி, எல்லா இடத்திலும் அறுந்திருந்தது. எல்லாம் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு. ஆபீசிலிருந்து திறந்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு விஷயம் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. பழைய வெர்ஷன் படத்தைத் துண்டு துண்டாக அனுப்பும். கூரியர்காரர் கையெழுத்து வாங்குவது போல ஒவ்வொரு துண்டும் வந்து சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளும். புது வெர்ஷனுக்கு அவசரம் ஜாஸ்தி. பேப்பர் போடுகிறவன் சைக்கிளை நிறுத்தாமல் மாடியைப் பார்த்து வீசுகிற மாதிரி துண்டுகளை வீசிக்கொண்டே போகும். ஆபீசின் நல்ல லைனில் அது அழகாக வந்து விழுந்தது. மாடிக்கு மாடி கேபிள்காரர் தொங்கவிட்டிருக்கும் வீட்டு லைன்களில் பாதி சாக்கடையில் விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் வராவிட்டால் திரை உறைந்துவிடும். வீசுகிற வழியை அடைத்துப் பழைய வழியிலேயே வரச் சொல்ல, செட்டிங்கில் ஒரே ஒரு இடத்தில் மாற்றினால் போதும்.

தன் லேப்டாப்பில் மாற்றினான். ஷமீமாவுக்கும் மாற்றிக் கொடுத்து, எல்லாவற்றையும் ஓட விட்டுப் பார்க்கச் சொன்னான். இனி தன் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கிரைண்டர் ஓட வேண்டும். ஓட்டுகிறவள் வீட்டில் இல்லை.

எழுந்து உள்ளறைக்குப் போனான். ஊறிக் கிடந்த உளுந்தைக் கிரைண்டரில் போட்டு, சுவிட்சைத் தட்டினான். பல்பு ஒரு தரம் மங்கி எரிந்தது. தண்ணீரை எவ்வளவு விடுவது என்று தெரியாமல் முதலில் குறைத்து, அப்புறம் பயந்துபோய்க் கூட்டி, இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் மாவு தெறிக்க, உள்ளறைக்கும் லேப்டாப்புக்கும் நடையாய் நடந்தான். உளுந்து முடிந்து அரிசி போட்டான். திரை ஒரு தடவைகூட உறையவில்லை. வேலை சரியானால் வழக்கமாக அவனுக்கு வரும் பெருமிதம் அன்று வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஷமீமாவும் கூப்பிட்டு, "பத்து மெஷினும் ஓடுதுண்ணே, கனெக்‌ஷன் ஆராமா இருக்கு" என்றாள்.

அறுபது பேருக்கும் அதே மாற்றத்தை ஆபீஸ் வழியாக அனுப்பிவிட்டு, அரைத்த மாவைப் பெரிய பாத்திரத்தில் வழித்து, சாரத்தை அவிழ்த்து பேன்ட்டை மாட்டிக்கொண்டு, டாக்சி பிடித்து மாட்டுங்காவுக்குப் பறந்தான்.

அங்கே சங்கரநாராயணன் மத்தியானத் தூக்கம் முடிந்து அப்போதுதான் எழுந்து வந்திருந்தார். அவர் எழும்வரை பெஞ்சில் காத்திருந்த ஜான்சி, பாதிப் பாத்திரத்தோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள். சட்டையெல்லாம் மாவும் கையில் பாத்திரமுமாக வந்த புருஷனைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"யாரு, ஆத்துக்காரரா? வாங்கோ வாங்கோ" என்றார் சங்கரநாராயணன். "கிரைண்டர் ரிப்பேர்னு சொல்லிண்டிருக்கா. நாலு நாளா மெக்கானிக் வரலையாமே? எங்கிட்ட நல்ல ஆள் இருக்கான். அனுப்பட்டுமா? என்ன கோளாறு மெஷின்ல?"

ராஜகுமார் ஜான்சியைப் பார்த்தான். ஒன்றும் பேசாதீர்கள் என்று அவள் கண்ணாலேயே சொன்னாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் தன் அப்கிரேடைக் காப்பாற்றிக்கொள்ள அறுபது பேரிடம் கிரைண்டர் மேல் பழி போட்டிருக்கிறான். அவளும் அதே கிரைண்டர் மேல்தான் பழி போட்டிருக்கிறாள், அவனைக் காப்பாற்ற. ஆர்டரே கையை விட்டுப் போகிற நேரத்திலும், புருஷன்தான் அரைக்க விடவில்லை என்று அவள் வாயிலிருந்து வரவில்லை.

"கிரைண்டர்ல ஒரு கோளாறும் இல்ல, சார்" என்றான். "நாந்தான் ஓட்டாதன்னு நிப்பாட்டி வச்சேன். எங்க கம்பெனி கம்ப்யூட்டர்ல நான் பண்ணின வேலையில தப்பு. அது தெரியாம இவ மெஷின்தான் காரணம்னு சொல்லிட்டேன். இனிமே மாவு நேரத்துக்கு வரும்."

சங்கரநாராயணன் அவனையும் அவன் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் கொண்டுவந்த பாத்திரத்தில் விரலை விட்டுப் பார்த்தார். "இது அவ அரைச்சது இல்லையே?"

"நான் அரைச்சது."

"தெரியறது. தண்ணி ஜாஸ்தி. இதை நான் தோசைக்கு வெச்சுக்கறேன்." பிறகு ஜான்சியிடம், "நீ கொண்டுவந்தது நாளைக் காலம்பர இட்லிக்கு. மாசம் முடியட்டும்மா, பாக்கலாம். ஆனா மாவு நீதான் அரைக்கணும், இவர் வேண்டாம்" என்றார்.

மெஸ் பெஞ்சில் உட்கார்ந்தே ராஜகுமார் போனில் இரண்டாவது சுற்றறிக்கையை எழுதினான். தொடர்பு அறுந்ததற்குக் காரணம் தான் செய்த அப்கிரேடு, கிரைண்டருக்கு இதில் சம்பந்தமில்லை, தெரியாமல் சொன்னதற்கு மன்னிக்கவும் என்று தன் பெயரைப் போட்டு அறுபது பேருக்கும் அனுப்பினான். ஒரு நிமிடத்தில் திருவேங்கடம் கூப்பிட்டார்.

"என்னப்பா இது? கிரைண்டர் இல்லையா?"

"இல்ல சார்."

"ஐயையோ! எங்காத்துல அதைத் தூக்கிப் பரண்ல ஏத்தச் சொல்லிட்டேனே! ரெண்டு நாளா உப்புமாதான்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எறக்கறதுக்கு என்ன காரணம்ப்பா சொல்றது?"

"நடந்ததச் சொல்லுங்க சார். நானும் அப்படித்தான் சொன்னேன்."

வீட்டுக்குத் திரும்ப இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். காலிப் பாத்திரங்கள் இரண்டையும் அவனே வைத்திருந்தான்.

"எதுக்குட்டி ரிப்பேர்னு சொன்ன?" என்று கேட்டான்.

"பின்னே? கம்ப்யூட்டருக்குப் பயந்து வீட்டுக்காரரு கிரைண்டர நிப்பாட்டுதாருன்னு சொல்லவா? ஒங்களப் பத்தி அவரு என்ன நெனப்பாரு?" என்றாள் ஜான்சி. பிறகு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடியே, "எல்லார்ட்டயும் மன்னிப்புக் கேட்டாச்சா?" என்றாள்.

"கேட்டாச்சு. அறுபது பேர்ட்டயும்."

"எங்கிட்ட?"

ராஜகுமார் அசடு வழிந்தான். பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் நின்றிருந்தார்கள். இருந்தாலும், "தப்புதான் ஜான்சி. மன்னிச்சுக்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். அவள் ஒரு பாத்திரத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பதினொரு மணி மீட்டிங்கில் எல்லோருடைய முகமும் ஒழுங்காகத் தெரிந்தது. எவர் லைனும் அறுந்து விழவில்லை. திருவேங்கடம் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, "என்ன அது, ராஜகுமார், கடகடன்னு சத்தம்? மைக்கை ஆஃப் பண்ணேன்" என்றார்.

"இருங்க சார், பண்ணுதேன்" என்றான் ராஜகுமார். "மாவு ஓடுது. நாலு மணிக்கு மாட்டுங்கா போகணும்."